குட்டி ஹெலிகாப்டர் எழும்ப மறுத்தால்: பேட்டரிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அன்றைக்கு மட்டும் பட்டறை மேஜையில் வெள்ளிக்குப் பதிலாக ஹெலிகாப்டர்கள் கிடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பொம்மையிலிருந்து முழங்கை நீள ரோட்டர் வைத்தது வரைக்கும், தெருப் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் கேட்பது, "அண்ணா, புது பேட்டரி போட்டா சரியாயிடுங்களா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்ப உள்ள இருக்கிறது என்ன பேட்டரி?"

அது தெரியாமல் எந்த வைத்தியத்திலும் இறங்கக் கூடாது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி மந்தமாகிவிட்டால், நன்றாகக் காலி செய்துவிட்டு முழுசாக சார்ஜ் போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வகைக்கு அது நல்ல யோசனை. அதே யோசனையை இப்போதைய லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு, அதாவது லிப்போவுக்குச் செய்தால் பேட்டரி அன்றோடு போச்சு. நிக்கல் பேட்டரி சார்ஜ் ஏறி முடிகிற நேரத்தில் வெதுவெதுப்பாவது இயல்பு. லிப்போ சார்ஜில் சூடானால் உடனே பிடுங்க வேண்டும். அறிகுறி ஒன்றாகவே இருக்கும், வகை மாறினால் வைத்தியம் தலைகீழாகிவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் வகை பிரித்தே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: வகையைக் கண்டுபிடியுங்கள்

மேலுறையில் அச்சிட்ட வோல்ட் எண்ணைப் பாருங்கள். 4.8, 7.2, 9.6 என்று 1.2-இன் மடங்காக இருந்தால் அது நிக்கல். பழைய பொம்மையானால் நிக்கல் காட்மியமாக இருக்கலாம், நாங்கள் நிக்காட் என்போம். மற்றவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, சுருக்கமாக நிம். 3.7, 7.4, 11.1 என்றால் லித்தியம். அதில் பட்டையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும் வெள்ளிநிறப் பொட்டலம் லித்தியம் பாலிமர், அதாவது லிப்போ. உலோகக் குழாய் மாதிரி கெட்டியாக இருப்பது லித்தியம் அயன், பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் 18650 இந்த வகை. 3.2 அல்லது 3.3, 6.6, 9.9 என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட், லைஃப் என்று சொல்வது. 3.8 என்று போட்டிருந்தால் 4.35 வோல்ட் வரை ஏற்றுகிற ஹை வோல்டேஜ் லிப்போ. 3.6 என்ற எண் மட்டும் குழப்பும். மூன்று சின்ன செல் சேர்த்துக் கட்டியிருந்தால் நிம், ஒரே குண்டு செல் என்றால் லித்தியம் அயன்.

ஹெலிகாப்டருக்கு ஏன் எல்லாரும் லிப்போ போடுகிறார்கள் என்பதை எங்கள் பட்டறைத் தராசு ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். உள்ளங்கை ஹெலிகாப்டரில் வருகிற 150 எம்.ஏ.எச். (மில்லியாம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) லிப்போ 4 கிராம் சொச்சம். அதே வோல்டேஜை நிம்மில் எடுக்க ட்ரிபிள் ஏ செல் மூன்று வேண்டும். ஒன்று 12 கிராம் என்றாலும் மூன்றுக்கு 36. ஹெலிகாப்டர் மொத்தமே 30 கிராம் சுமாருக்குத்தான் இருக்கிறது! தன்னைவிடக் கனமான மூட்டையை அது எப்படித் தூக்கும்?

லித்தியம் அயன் விஷயம் வேறு. எடைக்கு எடை பார்த்தால் நல்ல 18650 செல்லில் அடைத்திருக்கும் சக்தி லிப்போவைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒரே செல் 45 கிராம் வந்துவிடும். அதோடு, கேட்ட வேகத்தில் கொடுக்காது. கணக்குப் பாருங்கள்: 150 எம்.ஏ.எச். பேட்டரியில் 120-ஐ ஆறு நிமிடத்தில் செலவழித்தால் மோட்டார் சராசரியாக 1.2 ஆம்பியர் இழுக்கிறது. அது பேட்டரியின் கொள்ளளவைப் போல எட்டு மடங்கு, 8 சி. லேப்டாப்புக்காகச் செய்த செல் 2 சி அளவில்தான் நிம்மதியாக வேலை செய்யும். லைஃப் வகை நீண்ட ஆயுசு உள்ளது, சூட்டையும் தாங்கும். என்ன, அதே சக்திக்கு லிப்போவைவிடக் கனம். நான் அதை ரிமோட்டுக்கும், மைதானத்தில் சார்ஜருக்கு மின்சாரம் கொடுக்கவும் வைத்திருக்கிறேன். பறப்பதற்கு லிப்போதான்.

"முழு த்ராட்டில் குடுத்தும் முழங்கால் உயரம்கூட எழும்பல"

சும்மா கிடக்கும் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து 4.2 காட்டுகிறது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் லிப்போவும் சும்மா இருக்கும்போது 4.2 காட்டும். சுமையில், அதாவது மோட்டார் ஓடும்போது, எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

போன கார்த்திகையில் அக்கா வீட்டாரோடு ஏற்காடு போயிருந்தோம். நாகலூர் பக்கம் தெரிந்தவருடைய காபித் தோட்டம், அங்கே காய் உலர்த்துகிற சிமெண்ட் களம். காய் இன்னும் கொட்டவில்லை, களம் முழுக்கக் காலி. காலை ஆறரை மணி, பேசினால் வாயில் புகை வந்தது. அக்கா பையன் ஹெலிகாப்டரை நடுக்களத்தில் வைத்து த்ராட்டிலை ஏற்றினான். அடியில் இருக்கும் கால்தண்டு தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது. "மாமா, நேத்து மாடியில நல்லா பறந்துச்சே!" என்று முகம் வாடிப்போனான். மீட்டரில் 4.18. ராத்திரியெல்லாம் ஜன்னல் திட்டில் கிடந்த பேட்டரி, தொட்டால் சில்லென்று இருந்தது.

நான் கால்தண்டைப் பிடித்துக்கொண்டேன், மல்டிமீட்டர் முள்ளை கனெக்டரின் பின்பக்கத்தில் செருகினேன், அவனை மெதுவாக த்ராட்டில் ஏற்றச் சொன்னேன். 4.18 நின்ற இடத்தில் 3.4 வந்து உட்கார்ந்தது. குளிரில் லிப்போவின் உள் மின்தடை கூடிவிடும், இழுத்தவுடன் வோல்டேஜ் தொய்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் மூடி வைக்கச் சொன்னேன். காபி குடித்து முடிக்கிற நேரம், பத்து நிமிடம். மறுபடி அளந்தால் அதே த்ராட்டிலில் 3.65. இந்த முறை தலை உயரத்துக்கு எழும்பியது. ஆனாலும் சேலத்தில் இருந்த துள்ளல் இல்லை.

மீதிக் குறை காற்றில். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இறக்கையின் கோணம் மாறாத சின்ன ஹெலிகாப்டர் அதே எடையைத் தாங்கி நிற்க ரோட்டர் ஐந்தாறு சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதற்கு வோல்ட் கூடுதலாக வேண்டும், அதனால் பறக்கும் நேரமும் குறையும். மலைக்குப் போகிறோமே என்று பெரிய பேட்டரி வாங்கி மாட்டாதீர்கள், எடை கூடி இன்னும் மோசமாகும். மினுக்கு விளக்கு, ஒட்டிய ஸ்டிக்கர், அலங்கார மூடி இவற்றைக் கழற்றிவிட்டு, வெயில் ஏறிய பிறகு புது பேட்டரியில் பறக்கவிடுங்கள்.

கால்தண்டைப் பிடித்து அளக்கும் வேலை உள்ளங்கை ஹெலிகாப்டருக்கு மட்டும். அதற்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரிய ரோட்டர் உள்ளதைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது, விரல் போய்விடும்.

சேலத்தில், நல்ல வெதுவெதுப்பில், இதே கோளாறு என்றால்? சுமையில் 3.7-ஐ ஒட்டி நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ரோட்டர் தண்டில் எதோ சுற்றியிருக்கும். அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற ஹெலிகாப்டர்களில் நான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்தத் தண்டைத்தான். தறி ஓடுகிற வீட்டில் நூல் பிசிறு காற்றிலேயே மிதக்கும், அது பல்சக்கரத்துக்கு அடியில் மோதிரம் மாதிரி இறுகிக் கிடக்கும். சாமணத்தால் உருவி எடுத்தால் போதும், பழைய பேட்டரியிலேயே எழும்பும். முழு சார்ஜோடு இருக்கும்போதே 3.4-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கிழடு தட்டிவிட்டது. அதற்கு முன் கனெக்டரை ஒரு தடவை பாருங்கள். முள் கறுத்திருந்தாலோ, சால்டர் மங்கலாகத் திட்டுத்திட்டாக இருந்தாலோ, வோல்டேஜ் அங்கேயே தொலைகிறது.

நிம் போட்ட பழைய பொம்மையில் இந்த அறிகுறி வந்தால் காரணம் பெரும்பாலும் அலமாரி. சாதாரண நிம் ஒரு மாதம் சும்மா கிடந்தாலே கணிசமாகக் கசிந்துவிடும். பறக்கவிடும் அன்றைக்கே சார்ஜ் போட்டுப் பாருங்கள்.

"ரெண்டு நிமிஷம் நல்லா போகுது, அப்புறம் பொத்துனு இறங்கிடுது"

இங்கேதான் சார்ஜரின் மெனுவை முதலில் பார்க்க வேண்டும். லிப்போவை மாட்டிவிட்டு லைஃப் என்று தேர்ந்தெடுத்திருந்தால், சார்ஜர் செல்லுக்கு 3.6 சுமாரில் நிறுத்திவிடும். பச்சை விளக்கு சீக்கிரமே எரியும், உள்ளே கொஞ்சம்தான் இருக்கும். இதில் ஆபத்து இல்லை, ஏமாற்றம்தான். தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து: லைஃப் பேட்டரிக்கு லிப்போ மெனு போட்டால் 4.2 வரை அடித்து ஏற்றும். சாதாரண லிப்போவுக்கு ஹை வோல்டேஜ் மெனு போடுவதும் அதே வகைத் தவறு. நிக்கல் மெனுவில் லிப்போவை மாட்டினால் கதையே வேறு. நிக்கல் சார்ஜர், நிறைந்தவுடன் வோல்டேஜ் லேசாக இறங்குவதை வைத்துத்தான் நிறுத்தும். லிப்போவில் அந்த இறக்கம் வராது, சார்ஜர் நிற்காது, தீப்பிடிக்கும்.

மெனு சரியாக இருந்தால், காலியான பேட்டரிக்குள் எத்தனை எம்.ஏ.எச். போனது என்று சார்ஜர் திரையில் பாருங்கள். 150 எழுதிய பேட்டரி 80-தான் வாங்கிக்கொள்கிறது என்றால் அதன் காலம் முடிந்தது. "நாலு தடவை ஃபுல்லா காலி பண்ணி சார்ஜ் போட்டா பழையபடி வந்துடும்னு எங்க தாத்தா சொன்னாருங்க" என்று ஒரு பையன் சொன்னான். அவன் தாத்தா சொன்னது நிக்காட்டுக்கு. பாதி செலவழித்து, மறுபடி ஏற்றி, இப்படியே பழகிய நிக்காட் பாதியிலேயே சோர்ந்துவிடும். அதை செல்லுக்கு 1 வோல்ட் வரை இறக்கி இரண்டு மூன்று தடவை ஏற்றினால் தெளியும். லிப்போவை 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் உள்ளே ரசாயனமே கெடும், திரும்ப வராது. பறக்கும்போதும் நூற்றுக்கு எண்பதோடு நிறுத்திப் பழகுங்கள். ஆறு நிமிடம் ஓடும் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் கைப்பேசியில் அலாரம் அடிக்கட்டும்.

நிம் பேட்டரி திடீரென்று விழுந்தால் கட்டில் ஒரு செல் மட்டும் பலவீனம் என்று அர்த்தம். மற்றவை ஓடிக்கொண்டிருக்க, அது காலியாகி நேர்மறை எதிர்மறை திரும்பிவிடும். தனித்தனியாக அளந்தால் குற்றவாளி தெரியும். லைஃப் வகையில் திடீர் இறக்கம் கோளாறே இல்லை. கடைசி வரை ஒரே மட்டமாக ஓடி, முடியும்போது பள்ளத்தில் விழுவது அதன் சுபாவம். முன்னறிவிப்பை எதிர்பார்க்காமல் நேரம் வைத்துப் பறக்கவிட வேண்டும்.

"கடைசில மூக்கு தானா ஒரு பக்கம் திரும்புது"

வாலில் தனி மோட்டார் உள்ள ஹெலிகாப்டரில் வோல்டேஜ் குறைந்ததும் வால் மோட்டாருக்கு ஈடு கொடுக்க முடியாது, உடம்பு ரோட்டருக்கு எதிர்த்திசையில் சுழல ஆரம்பிக்கும். ரிமோட்டில் திசையை நுணுக்கமாகத் திருத்தும் ட்ரிம் குமிழைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இறக்கிவிடுங்கள். முழு சார்ஜில் தொடங்கும்போதே திரும்பினால் அது வால் மோட்டார் கோளாறு.

"தொட முடியல, அவ்ளோ சூடு"

பறந்து இறங்கிய லிப்போ உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கன்னத்தில் வைக்க முடியாத அளவு என்றால் அந்த ஹெலிகாப்டருக்கு அந்த பேட்டரியின் சி எண் போதவில்லை, அல்லது ரோட்டர் தண்டு இறுகி மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஆறும்வரை சார்ஜில் போடக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஆறவே ஆறாது, வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் லிப்போவை ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சார்ஜில் சூடானால் ஆம்பியர் எண்ணைப் பாருங்கள். 150 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 0.15 ஆம்பியர்தான் 1 சி. பெரிய பேட்டரிக்காக வைத்த 1 ஆம்பியர் மாறாமல் அப்படியே இருந்திருக்கும்.

"பேட்டரி உப்பிடுச்சு"

ஒரு நாள் ஒரு அப்பா, உப்பிய பேட்டரியை ரப்பர் பேண்டு போட்டு அழுத்திக் கட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்ததும் நகப்பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை. உறையின் ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் ஈரம் மினுங்கியது. எங்கள் மேஜையோ வெள்ளித் தூளும் கம்பித் துண்டும் நிறைந்த இடம், ஒரு துண்டு குறுக்கே விழுந்தாலே ஷார்ட் ஆகிவிடும். அட்டைத் துண்டில் தள்ளி, மணல் போட்ட மண் சட்டிக்குள் இறக்கி, வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். கையை சோப்பு போட்டுக் கழுவச் சொன்னேன். அவருக்கு நான் சொன்னது விளையாட்டாகத் தெரிந்தது. எனக்கு அவருடைய சட்டைப் பை கண்ணிலேயே நின்றது.

உப்பலுக்கு வைத்தியம் கிடையாது. ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது, எடை வைத்து அமுக்குவது, இதெல்லாம் நெருப்புக்கு அழைப்பு. உள்ளே ரசாயனம் சிதைந்து உண்டான வாயு அது, பேட்டரிக்குள் பாதிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. வாடையோ ஈரமோ இருந்தால் வெட்டவெளியில் மணலில் புதைத்து வையுங்கள், கிட்டே போகாதீர்கள். எரிந்தால் அந்தப் புகையை மூச்சில் வாங்கக் கூடாது. லேசான உப்பல்தான், உறை முழுசாக இருக்கிறது என்றால், வெளியில் வைத்தே ஒரு சின்ன டார்ச் பல்பை இணைத்து மெதுவாகச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். லிப்போவைப் பூஜ்யம் வரை இறக்கலாம் என்பது இந்த ஒரு சமயத்தில் மட்டும். உப்புத் தண்ணீரில் போடுகிற வழக்கத்தை நான் நம்புவதில்லை. கம்பி முதலில் அரித்துப் போய்விடும், உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கும். காலியானதும் இரண்டு முனையையும் டேப் ஒட்டி மூடி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, அதனால் வாங்கிய கடையிலும் கேளுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள், நிக்காட் என்றால் கூடவே கூடாது. காட்மியம் நஞ்சு, மண்ணில் தங்கிவிடும்.

எதனால் உப்புகிறது? எங்கள் தெருவில் நான் அதிகம் பார்க்கிற காரணம் பரீட்சை. சனிக்கிழமை ராத்திரி முழுசாக சார்ஜ் போட்டிருப்பார்கள், ஞாயிறு டியூஷன் வந்துவிடும், பேட்டரி 4.2-லேயே பங்குனி சித்திரை வெயிலில் பீரோவுக்குள் கிடக்கும். பறக்கவிடப் போவதில்லை என்று தெரிந்தால் செல்லுக்கு 3.8-க்குக் கொண்டுவந்து வையுங்கள். சார்ஜரில் அதற்கென்று ஸ்டோரேஜ் மெனுவே இருக்கிறது. நிக்கல் வகைக்கு இந்தக் கவலை இல்லை.

"சார்ஜர்ல போட்டா ஒண்ணுமே காட்டல"

லிப்போ 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். நிக்கல் மெனுவுக்கு மாற்றி 'கொஞ்சம் தூண்டிவிட்டால்' எழுந்துகொள்ளும் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், நானூறு ரூபாய் பேட்டரிக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று செல் உள்ளதில், ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாக அளக்க உதவும் பேலன்ஸ் கம்பி விட்டுப்போயிருந்தாலும் இதே அறிகுறி வரும். அது சால்டர் வேலை, சரிசெய்யலாம்.

"பேட்டரி புதுசு, எல்லாம் சரி, ஆனா விட்டுவிட்டு வேலை செய்யுது"

ரிமோட்டைத் திறங்கள். ஹெலிகாப்டரில் புது பேட்டரி போட்டவர் ரிமோட்டுக்குள் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். ரிமோட்டுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, அதனால் அங்கே நிம் அருமையான தேர்வு, அதிலும் கசிவு குறைந்த வகை. 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் மாதிரியானவை மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். நிம் நான்கு போட்டால் 4.8, சாதாரண பென்சில் செல் நான்கு போட்டால் 6. அதனால் சில ரிமோட் முழு சார்ஜிலேயே குறைவு என்று கத்தும். அந்த ரிமோட்டுக்கு ஆல்கலைன் செல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். 14500 என்று ஒரு லித்தியம் அயன் செல் விற்கிறது. பார்வைக்கும் அளவுக்கும் அச்சு அசல் பென்சில் செல். ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். நான்கை ரிமோட்டில் போட்டால் 14.8, சுவிட்ச் போட்ட கணத்தில் போர்டு கருகிவிடும். இப்படிக் கருகிய ரிமோட் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது, கொண்டுவந்த பையனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு யார் ரிமோட் வந்தாலும் பேட்டரி மூடியின் உட்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, '1.2 அல்லது 1.5 மட்டும்' என்று பெரிதாக எழுதித்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.